கார்மல் டாலன் வறுக்க மாட்டாள்

அயர்லாந்தில், டப்ளின் நகரத்து லிபர்ட்டீஸ் பேட்டையில் பிறந்தவளிடம் போய், சாசேஜை முதலில் வறுத்துக்கொள்ளலாமே என்று சொல்கிறவனுக்குத் துணிச்சல் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மூளை குறைவாக இருக்க வேண்டும். கார்மல் டாலனிடம் அப்படிச் சொன்னவர்களில் இரண்டு வகையும் உண்டு. ஒருத்தருக்கும் அவள் மசியவில்லை.

காடில் என்கிற அந்தப் பானைக் குழம்பு ஒன்றும் பெரிய சமையல் இல்லை. உருளைக்கிழங்கு, வெங்காயம், பன்றிக்கறியை அரைத்து விரல் நீளத்துக்கு அடைத்த சாசேஜ், உப்பிட்ட பன்றிக்கறித் துண்டான பேக்கன், எல்லாவற்றையும் பானையில் அடுக்கித் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டியதுதான். வெந்து இறங்கும்போது சாறு வெள்ளையாக இருக்கும். சாசேஜ் வெளுத்து, ரொம்ப நேரம் தண்ணீரில் ஆடிவிட்டு வந்த பிள்ளையின் விரல் மாதிரி மிதக்கும். பார்க்க நன்றாகவே இருக்காது. கார்மலே ஒத்துக்கொள்வாள்.

"நானுந்தான் பாக்க நல்லா இல்ல. என்னை யாராச்சும் எண்ணெயில போட்டு வறுத்தாங்களா?" என்பாள்.

அகலமான தோள், ஆண்பிள்ளை மாதிரி முன்கை. ஆஸ்பத்திரி அடுக்களையில் பெரிய பெரிய அண்டாக்களைத் தூக்கி இறக்கியே வயதானவள். சிரித்தால் ஒரு தெரு கேட்கும். கோபம் வந்தால் சத்தமே இருக்காது. அப்போதுதான் விலகி நிற்க வேண்டும்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒரே அறையில் ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே ஆக்கித் தின்ற வீட்டுக்கு, கையுறை போட்ட சீமாட்டிகள் வருவார்கள். ஏழைகளுக்குச் சமைக்கச் சொல்லிக்கொடுக்கிற தர்மமாம் அது. ஒருத்தி பானை மூடியைத் திறந்து பார்த்து மூக்கைச் சுளித்து, "இதை முதல்ல வறுக்கணும்மா, அப்பத்தான் மனுஷங்க தின்ற மாதிரி இருக்கும்" என்றாள். கார்மலின் அம்மா, "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டினாள். சீமாட்டி படியிறங்கிப் போனதும் வழக்கம்போல வறுக்காமலேதான் இறக்கி வைத்தாள். சமைத்ததில் கார்மலுக்குக் குறை ஒன்றுமில்லை. அந்தத் தலையாட்டல்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. மாட்டேன் என்றால் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதானே? இத்தனை வயதுக்கும் அந்த எரிச்சல் அவளுக்கு அடங்கவில்லை.

போதாக்குறைக்கு அவள் கட்டிக்கொண்டதோ ரிங்ஸெண்டு பக்கத்து ஆள். ஒரே ஊர்தான், நடந்தே போய்விடலாம். ஆனால் அந்தப் பக்கத்து வீடுகள் சிலவற்றில் காடிலில் மாட்டு வால் சூப்பொடியைக் கொட்டிக் கலக்கிப் பழுப்பாக்கிவிடுவார்கள். அவள் புருஷன் லியோவின் வீடும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் லியோ ஒரு சூப்பொடிப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"எங்கம்மா குடுத்துச்சு."

"உங்கம்மா குடுத்தா உங்கம்மாவுக்கே ஆக்கிப் போடு" என்றாள் கார்மல்.

அன்றிலிருந்து, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகும், லியோ வீட்டில் வெள்ளையைத்தான் தின்றான். ஆனாலும் பொடியை விடவில்லை. அவள் திரும்புகிற நேரம் பார்த்துத் தன் கிண்ணத்தில் மட்டும் ஒரு சிட்டிகை தூவிக் கலக்கிவிடுவான். அவளுக்குத் தெரியும். தெரிந்தது அவனுக்கும் தெரியும். பெரிய பானைக்குப் பக்கத்தில் மட்டும் அவன் பொடியோடு போனதில்லை. அவ்வளவில் குடும்பம் ஓடியது. தெருவில் இந்தச் சண்டை தெரியாதவர்களே கிடையாது. மதுக்கடையில் லியோ தலையைக் கண்டால், "என்ன லியோ, இந்த வாரம் பழுப்பா வெளுப்பா?" என்பார்கள்.

ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் கார்மலுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மாதா கோயில் மன்றத்து அடுக்களையைச் சனிக்கிழமைகளில் திறந்து, தன் பெரிய பானையைக் கொண்டுபோய் ஏற்றினாள். தனியாகக் கிடக்கிற கிழவர்கள் முதலில் வந்தார்கள். நிலக்கரி மூட்டை சுமந்து முதுகு வளைந்துபோன டின்னி. பெண்சாதி செத்தபிறகு ஒரு முட்டைகூட அவிக்கத் தெரியாமல் திண்டாடிய ஆம்புரோஸ். பிறகு தெருவே வந்தது. வருகிறவர்கள் ஒரு வெங்காயமோ நாலு உருளைக்கிழங்கோ கொண்டு வந்து மேசையில் வைப்பார்கள். டின்னி எப்போதும் வெறுங்கையோடு வந்து, "என்னையே கொண்டாந்திருக்கேன், மிஸஸ் டாலன்" என்பார்.

"உங்களை எத்தனை நேரம் வேக வெச்சாலும் வேகாதுய்யா. உக்காருங்க" என்பாள் அவள்.

அந்தச் சனிக்கிழமைப் பானைதான் அவளுக்கு எல்லாம். சொல்ல மாட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானமே அவள் நடையில் ஒரு வேகம் வந்துவிடும்.

இதற்கு நடுவில்தான் ஃபிடெல்மா வந்தாள். மன்றக் குழுவின் புதுத் தலைவி. ஆற்றோரத்துப் புதுக் கட்டடத்தில் குடியேறியவள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஒழுகிக்கொண்டிருந்த மன்றத்துக் கூரையை வந்த வருஷத்திலேயே சரி பண்ணினாள். யார் பேசினாலும் தலையைச் சாய்த்துக் கேட்பாள். கேட்டுவிட்டுத் தான் நினைத்ததைத்தான் செய்வாள். அவள் எடுத்த காரியந்தான் ஊர்ச் சமையல் பகிர்வு. ஒவ்வொருத்தராக எழுந்து தங்கள் வீட்டுச் சமையலை எப்படிச் செய்வது என்று சொல்ல வேண்டும்.

முதல் கூட்டமே ரகளை. ரோஸ்காமன் நாட்டுப்புறத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒருத்தி, சோடா ரொட்டியில் உலர்ந்த திராட்சை போடுவேன் என்று சொல்லிவிட்டாள். "அது ரொட்டி இல்ல, கேக்கு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம். பிறகு கார்மலின் முறை வந்தது.

"வெங்காயம், கிழங்கு, சாசேஜ், பேக்கன், தண்ணி, மிளகு. மூடிடணும். அவ்வளவுதான்" என்று சொல்லி உட்காரப் போனாள்.

"அளவு சொல்லலையே, கார்மல்" என்றாள் ஃபிடெல்மா.

"பானை நெறைய."

"எவ்வளவு நேரம் வேகணும்?"

"இவரு குதிரைப் பந்தயத்துல தோத்துட்டு வீடு வந்து சேர்ற வரைக்கும்."

கூட்டம் சிரித்தது. லியோவும் சிரித்தான், வேறு வழி? ஃபிடெல்மாவும் சிரித்துவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்: "சாசேஜை மட்டும் முன்னாடியே வறுத்துட்டா ஒரு நெறம் வரும் இல்லையா? கொஞ்சம் கேரட், ஒரு பச்சைத் தழை…"

"வராது."

"என்ன வராது?"

"நான் வறுக்கவும் வர மாட்டேன், கேரட் உள்ள வரவும் வராது."

அன்றைக்கு அது வேடிக்கையாகப் போயிற்று. ஆனால் இரண்டு வாரம் கழித்து ஃபிடெல்மா அடுக்களைக்கே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தை உடைத்தாள். சுற்றுலா வரும் வெளிநாட்டு விருந்தாளிகளைப் பஸ்ஸில் கூட்டி வருகிறவர்கள் மன்றத்தைக் கேட்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் அசல் ஐரிஷ் வீட்டுச் சாப்பாடு போட வேண்டும். கார்மலே ஆக்கலாம். கிழவர்களும் ஒரு மேசையில் இருந்துகொள்ளட்டும். ஆனால் காடில் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும்.

"வெள்ளையா மெதக்கறதைப் பாத்தா அவங்க தொட மாட்டாங்க, கார்மல். படம் புடிக்கவும் நல்லா இருக்காது. ஒரு நெறந்தானே கேக்கறேன். ருசி உங்க ருசிதான்."

"அசல் வேணுங்கறீங்க. அசலை வெச்சா மாத்துங்கறீங்க."

"கொஞ்சம் அனுசரிச்சுப் போனா பானை இங்கேயே இருக்கும். இல்லேன்னா குழு வேற யாரையாச்சும் பாக்கும். நான் மெரட்டலை. உள்ளதைச் சொல்றேன்."

"நானும் உள்ளதைத்தான் சொல்றேன். வறுக்க மாட்டேன்" என்றாள் கார்மல். சத்தமே இல்லை.

ஃபிடெல்மா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் போனாள். மறுபேச்சு வராததால் தான் சொன்னது ஏறிவிட்டது என்று கார்மல் நினைத்துக்கொண்டாள். அங்கேதான் அவள் ஏமாந்தாள்.

விருந்தாளிகள் வருகிற சனிக்கிழமையும் வந்தது. மேசைகளில் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். கார்மல் காலையிலேயே பானையை ஏற்றிவிட்டு, தணலைக் குறைத்து, ரொட்டிக்கடைக்குப் போனாள். கனத்த மேல்தோல் உள்ள அந்த உயர ரொட்டி இல்லாமல் காடிலை அவள் யாருக்கும் வைத்ததில்லை. கடையில் கூட்டம். கொஞ்சம் நேரமாகிவிட்டது.

அதற்குள் டின்னியும் ஆம்புரோஸும் வந்துவிட்டார்கள். டின்னிக்கு மூடியைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. திறந்தார். பானைக்குள் பழுப்பு. அடர்ந்த பழுப்பு. மேலே கேரட் துண்டுகள் வேறு மிதந்தன.

டின்னி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆம்புரோஸ், இங்க வாய்யா. இதைப் பாரு."

ஆம்புரோஸ் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "கட்சி மாறிட்டாளா!" என்றார்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் யாரோ எதையோ கொட்டிவிட்டார்கள் என்று நினைத்திருப்பான். இவர்களுக்கு அது தோன்றவே இல்லை. பழுப்பு என்றால் ரிங்ஸெண்டு, ரிங்ஸெண்டு என்றால் லியோ. இத்தனை வருஷச் சண்டையில் கடைசியில் புருஷன் ஜெயித்துவிட்டான். அவ்வளவுதான் அவர்களுக்கு எட்டியது. மன்றத்துக்குள் செய்தி பரவியது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த லியோவை வந்து கை குலுக்கினார்கள். ஒருத்தன் முதுகில் தட்டினான்.

"எப்பிடிய்யா சாதிச்சே? அழுதியா?"

"உங்கம்மா இருந்து இதைப் பாக்கக் குடுத்து வெக்கலையேய்யா!"

லியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கை குலுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லவா முடியும்? நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் பொறுமைதான்" என்றான். அந்த நேரம் பார்த்துக் கார்மல் ரொட்டிக் கூடையோடு உள்ளே நுழைந்தாள்.

கை குலுக்கியவர்கள் விலகி வழி விட்டார்கள். டின்னி மட்டும், "பரவால்ல மிஸஸ் டாலன், புருஷன் பேச்சைக் கேக்கறதும் ஒரு புண்ணியந்தான்" என்றார்.

அவள் நேராக அடுப்புக்குப் போனாள். மூடியைத் தூக்கிப் பார்த்தாள். மூடினாள். திரும்பி லியோவைப் பார்த்தாள். லியோ புதுக்கூரையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான்.

"யார் கொட்டினது?"

"சத்தியமா நான் இல்ல, கார்மல்."

"யோசனை யார் குடுத்தது?"

லியோ ஒரு நாற்காலியை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தான். "அந்தத் தலைவியம்மா கேட்டாங்க. வறுக்காமலே நெறம் வர வழி இருக்கான்னு. எங்க வீட்டுல பொடி போடுவோம்னு பேச்சுவாக்குல… பேசிட்டிருந்ததுதான். கேரட்டு நான் சொல்லலை. கேரட்டுக்கு நான் பொறுப்பில்ல."

பஸ் வந்துவிட்டது. விருந்தாளிகள் ஈரக் குடைகளை உதறிக்கொண்டு நுழைந்தார்கள். ஃபிடெல்மா அவர்களை உட்கார வைத்துவிட்டு அடுக்களையின் பரிமாறும் ஜன்னலுக்கு வந்து, முகத்தில் சிரிப்பு மாறாமல் பல்லுக்கிடையில் சொன்னாள்.

"நான்தான் போட்டேன். நடந்தது நடந்துபோச்சு. இப்ப பரிமாறுங்க கார்மல், தயவுசெஞ்சு. அப்புறம் உக்காந்து பேசுவோம்."

"இது என்னுது இல்ல."

"ஊரெல்லாம் பாக்குது."

"பாக்கட்டும்."

கார்மல் சமையலுக்குக் கட்டியிருந்த மேல்துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். பிறகு அவள் செய்ததைப் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். பானையைக் கவிழ்த்துச் சாக்கடையில் கொட்டுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊர் ஊராகச் செத்த நாட்டில் சோற்றைக் கொட்டுகிற கை யாருக்கும் எழாது. அவளுக்கும் எழவில்லை. மன்றத்துப் பாத்திரங்களை வரிசையாக எடுத்து வைத்து, சாறு, கிழங்கு, சாசேஜ், கேரட் என்று கடைசிச் சொட்டு வரை அகப்பையால் அள்ளி அதில் மாற்றினாள். பிறகு காலிப் பானையைக் குழாயடியில் வைத்துக் கழுவினாள். விருந்தாளிகள் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். அவள் கழுவிக்கொண்டிருந்தாள். பழுப்பு ஓரத்தில் எங்கும் ஒட்டவில்லை என்று தெரிந்தபிறகுதான் நிறுத்தினாள்.

"சாப்பாடு உங்களுது. எடுத்துக்கங்க. பானை என்னுது" என்றாள் ஃபிடெல்மாவிடம். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பி, மன்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நல்லா சாப்பிடுங்க. ஆனா இது எங்க தெருச் சாப்பாடு இல்ல. யாராச்சும் கேட்டா, கார்மல் டாலன் ஆக்கினாள்னு சொல்லிடாதீங்க" என்றாள்.

"இப்ப போனா திரும்ப வர முடியாது, கார்மல்" என்றாள் ஃபிடெல்மா. சிரிப்பு போயிருந்தது.

"கதவு உள்ள வர மட்டுமில்ல, வெளிய போகவுந்தான் இருக்கு."

பானை ஒரு ஆள் தூக்குகிற பானை இல்லை. அவள் பானையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் அசையவில்லை. பிறகு லியோ, காது சிவக்க, நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு வந்து மறு காதைப் பிடித்தான். இரண்டு பேருமாக மழையில் வெளியே போனார்கள். தெருமுனையில் மூச்சு வாங்கப் பானையை ஒருமுறை இறக்கி வைத்துத் தூக்கினார்கள்.

"இனி என் கிண்ணத்துலயும் பொடி போடல" என்றான் லியோ மெதுவாக.

"உன் கிண்ணத்துல நீ மண்ணை அள்ளிப் போட்டுக்க. எனக்கென்ன. நேராப் புடி, இடிக்குது."

அடுத்த சனிக்கிழமை மன்றத்தில் வேறு ஒருத்தி சமைத்தாள். வறுத்துத்தான் சமைத்தாள். பஸ் வந்தது. கிழவர்களுக்கு ஓரத்தில் ஒரு மேசையும் போட்டிருந்தார்கள். அந்த மேசை காலியாகவே கிடந்தது.

கார்மலின் வீடு அடுக்கு வீட்டில் கீழ்த்தளம். அடுக்களை ஜன்னல் முற்றத்தைப் பார்த்திருக்கும். அதே சனிக்கிழமை பானையை வீட்டு அடுப்பில் ஏற்றி, அந்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் உள்ளே நின்றாள். வெளியே வரிசை. மழைக்கோட்டு போட்டவன், போடாதவன், கிண்ணத்தின்மேல் தொப்பியைக் கவிழ்த்துச் சாற்றில் மழை விழாமல் காத்தவன். ஆம்புரோஸ் இரண்டு வெங்காயத்தை ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"ரொட்டிக்கு வெண்ணெய் உண்டா?" என்றார் டின்னி.

"கட்சி மாறிட்டேன்னு நெனச்சவருக்கு வெண்ணெய் கெடையாது."

"நான் நெனைக்கலை. இவந்தான் நெனச்சான்."

"அடப்பாவி!" என்றார் ஆம்புரோஸ்.

அப்படி நாலைந்து சனிக்கிழமை ஓடியது. யார் போய்ச் சொன்னார்களோ. ஃபிடெல்மா என்று தெரு சொன்னது. அவள் இல்லவே இல்லை என்றாள். எதுவானாலும் ஒரு சனிக்கிழமை நகராட்சியிலிருந்து ஒரு ஆள் வந்து நின்றான். சின்ன வயது, நல்ல கோட்டு, மழையில் ஊறிப்போன காலணி. வரிசையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான்.

"மிஸஸ் டாலன், அனுமதி இல்லாம இங்க சாப்பாட்டுக்கடை நடத்தறதா புகார் வந்திருக்கு."

"கடையா? எவன் என்கிட்ட ஒரு காசு குடுத்தான்? கேளு."

"அப்ப இவங்கெல்லாம் யாரு?"

"என் விருந்தாளிங்க."

"இத்தனை பேரா?"

"பெரிய குடும்பம்" என்றாள் கார்மல்.

"நான் அவங்க அத்தை பையன்" என்றார் டின்னி. அவளைவிட அவர் இருபது வயது மூத்தவர். வரிசையில் பின்னாலிருந்து ஒருத்தன், "நான் சின்னம்மா மகன்" என்றான். இன்னொருத்தன் போலந்துக்காரன், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "நானும்" என்றான்.

அந்த ஆளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். "ஜன்னல் வழியா சாப்பாடு குடுக்கறதை நிறுத்தணும்மா. அதான் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்காங்க. மன்றத்துலயே மறுபடியும் ஆக்கலாம்னு சொல்றாங்க. ஏதோ கொஞ்சம் வறுக்கணுமாம், அவ்வளவுதானாமே."

வரிசை ஜன்னல் பக்கம் நெருங்கியது. கார்மல் அகப்பையைப் பானையில் விட்டாள். ஒரு கிண்ணம் நிறைய அள்ளி, ஒரு துண்டு ரொட்டியைச் செருகி அவன் கையில் கொடுத்தாள்.

"தின்னு. அப்புறம் சொல்லு."

அவன் கிண்ணத்துக்குள் பார்த்தான். முகம் ஒரு மாதிரி போயிற்று. சுற்றிலும் எல்லாக் கண்ணும் அவன் மேல். ஒரு வாய் எடுத்தான். இன்னொரு வாய். பிறகு மழைக்குச் சுவரோரம் ஒதுங்கி நின்று, ரொட்டியால் வழித்து முடித்தான். கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டையில் வைத்தான்.

"இங்க பாருங்க மிஸஸ் டாலன்" என்றான், குரலைத் தாழ்த்தி. "எனக்கும் வேலை இருக்கு. வந்தேன், கதவைத் தட்டினேன், வீட்டுல யாரும் இல்லன்னு சொல்லிடறேன். உங்களுக்கும் தொல்லை இல்ல, எனக்கும் தொல்லை இல்ல."

லியோ உள்ளேயிருந்து, "நல்ல யோசனைதான்" என்று முணுமுணுத்தான். அவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு வருகிற மாதிரி குனிந்தாள். மழை அவள் தலையில் விழுந்தது.

"அப்படிச் சொல்லாதே, தம்பி. நல்ல மனசோட சொல்றே, எனக்குத் தெரியுது. ஆனா அப்படிச் சொல்லாதே. போய், வீட்டுலதான் இருந்தாள்னு சொல்லு. ஜன்னலைத் தெறந்து வெச்சுக்கிட்டு, அகப்பையைக் கையில புடிச்சுக்கிட்டு கார்மல் டாலன் நின்னாள், மாட்டேன்னு சொன்னாள்னு சொல்லு. என் பேரைச் சரியாச் சொல்லு."

அவன் தலையசைத்துவிட்டு, முற்றத்தைத் தாண்டிப் போனான்.

"அடுத்தது யாரு?" என்றாள் கார்மல்.